கணக்கில் எழுதாத உழைப்பு
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



வருஷா வருஷம் இந்த மேடையில் பொருளாளர் பேசினால் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வசூல் எவ்வளவு என்றுதான் பேசுவது வழக்கம். அந்தக் கணக்கெல்லாம் மலரின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது, நிதானமாகப் பாருங்கள். இன்றைக்கு எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் நம் புத்தகத்தில் இதுவரைக்கும் எழுதாத ஒரு கணக்கைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் அங்கன்வாடியையும் தாங்கிக்கொண்டிருக்கும், ஆனால் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பெண்களைப் பற்றிய கணக்கு அது. காலை உணவு சமைக்கிறவர், சத்துணவு சமையலர், உதவியாளர், அங்கன்வாடிப் பணியாளர், அங்கே நாம் சும்மா "ஆயா" என்று கூப்பிடுகிற உதவியாளர், சாயங்காலம் திண்ணையில் பாடம் சொல்லித் தந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், கழிப்பறை கழுவுகிற அம்மா. இவர்களில் பாதிப் பேர் நம் குழு உறுப்பினர்கள். இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் நம் ஊர் நிலைமையைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக சிப்காட் வந்தது. கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று எல்லாம் இங்கே செய்கிறோம். முன்பு ஏர் ஓட்டின நிலத்தில் இப்போது கம்பெனி பஸ் ஓடுகிறது. நல்லது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதல் ஷிப்டுக்குப் போகிற தாய் விடியுமுன்னே பஸ் ஏறிவிடுகிறாள். நைட் ஷிப்ட் முடிந்த அப்பா வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார். நடுவில் ஆறு வயசுப் பிள்ளை தானே எழுந்து, தானே பாவாடை சட்டை மாட்டிக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறது. அந்தப் பிள்ளை காலையில் முதலில் பார்க்கிற பெரியவர் முகம் டீச்சர் முகம் இல்லீங்க, அடுப்பு முன்னாடி நிற்கிற நம்ம அக்காவின் முகம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் தொடங்கிவைத்து 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். கிராமப் பகுதிகளில் இந்த உணவைச் சமைக்கிறது யார்? சுய உதவிக் குழுப் பெண்கள். அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற தாயாக இருந்தால் முன்னுரிமை.

சமையல் என்று சொன்னால் லேசாக நினைத்துவிடுகிறோம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி. 80 பிள்ளை இருக்கிற பள்ளி என்றால் 4 கிலோ ரவை, 1 கிலோ 200 கிராம் பருப்பு. வெங்காயம் நறுக்கி, காய் அரிந்து, பருப்பு வேகவைத்து, ரவை கட்டி தட்டாமல் கிளறி, எல்லாம் எட்டு மணிக்குத் தயாராகணும். மணி அடிப்பதற்குள் எண்பது பேரும் சாப்பிட்டு, கை கழுவி, வகுப்பில் உட்காரணும். பத்து நிமிஷம் தாமதமானால் முதல் பாடம் தாமதமாகும். இதற்கு நடுவில் செல்போன் செயலியில் பதிவும் போடணும். டவர் கிடைக்காத நாளில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போனோடு மைதானத்துக்கு ஓடணும். கம்பெனியில் லைன் ஓடுகிற மாதிரி இதுவும் ஒரு லைன்தான். அங்கே சூப்பர்வைசர் இருக்கிறார், மாற்றுக்கு ஆள் இருக்கிறது. இங்கே இரண்டுமே நம்ம அக்காதான்.

இதனால் என்ன பலன் என்று கேட்பார்கள். முதல் கட்டத்தில் நடந்த 1,543 பள்ளிகளை மாநிலத் திட்டக் குழு பார்த்தபோது 1,319 பள்ளிகளில் பிள்ளைகள் வருகை கூடியிருந்தது. வயிறு நிறைந்தால்தான் மனசு பாடத்தில் நிற்கும் என்பது நம்ம பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம். இப்போது அது கணக்காகவும் வந்துவிட்டது.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்குப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன் சேர்ந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சமைக்கிற அக்காவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இரண்டாவது கரண்டி உப்புமா வைக்கப் போனால் கையைக் காட்டி "பஸ், பஸ்" என்கிறான். அக்கா பாவம், "அம்மா போன கம்பெனி பஸ்ஸைத் தேடுறான் போல" என்று சமாதானம் சொல்லி இன்னும் ஒரு கரண்டி வைக்கிறாங்க. அவன் அழுகிறான். மூணாவது நாள்தான் "பஸ்" என்றால் "போதும்" என்று அர்த்தம் என்று பக்கத்து வீட்டு வடநாட்டுப் பெண் சொல்லித் தெரிந்தது. அதற்கப்புறம் அக்கா நாலைந்து வார்த்தை கேட்டு வைத்துக்கொண்டாங்க. பையன் அவங்ககிட்ட "போதும்", "இன்னும்", "தண்ணி" கற்றுக்கொண்டான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தட்டு நீட்டுகிற இடத்தில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டான். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இதைச் சொல்லித் தந்தவருக்கு என்ன பட்டம்?

சகோதரிகளே, வகுப்பறைக்கு வெளியே நிற்கிற பெண்ணால் வகுப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் ஆசைக்குச் சொல்லவில்லை, பெரிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும் நம் தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். கட்டடம் கட்டவில்லை, கம்ப்யூட்டர் வாங்கவில்லை. ஒரு ஆள், அதுவும் அரை நாள். அந்த மையங்களில் பாடம் சொல்லித் தருகிற நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடம் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. ஏனென்றால் ஒருவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டால், இன்னொருவருக்கு எடை பார்க்கவும் வீடு வீடாகப் போகவும் நேரம் கிடைக்கிறது. ஒரு கைக்கு இன்னொரு கை சேர்ந்தால் என்ன ஆகும் என்பது குழுவில் இருக்கிற நமக்குப் புதுசா?

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு அ, ஆ மறந்துபோயிருந்தது. 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில், கோயில் மண்டபத்தில், மொட்டை மாடியில் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய 19,000 கிராமத்துப் பிள்ளைகளை வைத்து நம் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வகுப்பு நடத்திய பெண்களை எத்தனை பேர் பெயர் சொல்லுவோம்? யோசித்துப் பாருங்கள்.

இந்த உழைப்பு இன்று நேற்று வந்ததில்லை. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை வந்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். தலைவர்கள் பெயரும் தேதியும் நமக்கு மனப்பாடம். நூறு வருஷத்துக்கு மேலாக அடுப்பு முன்னால் நின்றவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஒரு வேதனையான விஷயத்தையும் இந்த மேடையில் சொல்லித்தான் ஆகணும். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு சத்துணவு சமையலர் சமைக்கக் கூடாது என்று சிலர் பிரச்சினை செய்து, அவரை இடமாற்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த இடமாற்றம் ரத்தானது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் உசிலம்பட்டி என்ற கிராமத்தில் காலை உணவு சமைத்த பெண்ணின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா? காமராசர் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில். நம் குழுவில் ஒரே பாயில் உட்காருகிறோம், ஒரே பெட்டியில் காசு போடுகிறோம். நம் பிள்ளை தட்டில் விழுகிற சோற்றுக்கு மட்டும் சாதி கேட்டால், பெட்டியில் விழுந்த காசுக்கும் சாதி கேட்க வேண்டியிருக்கும். இந்தப் பேச்சு நம் ஊராட்சியில் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், சமைக்கிற பெண் தனியாக நிற்கக் கூடாது. முதல் பந்தியில் கூட்டமைப்பு உட்காரணும்.

இப்போது பாராட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வந்தவர் எல்லோருக்கும் பொன்னாடை போட்டார்கள். பந்தல் போட்டவருக்கு, மைக் செட்காரருக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு, எனக்கும்கூட. அந்த நேரம் முழுக்க சமையல் அம்மாவும் துப்புரவு செய்கிற அம்மாவும் பின்னாடி டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் ஞாபகம் வந்து, "இவங்க எல்லாம் தியாக உள்ளத்தோடு சேவை செய்றாங்க, ஒரு கைதட்டு கொடுங்க" என்றார். கைதட்டினோம். அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க, மறுபடியும் டம்ளர் கழுவினாங்க.

எனக்கு அந்தத் "தியாகம்", "சேவை" என்ற வார்த்தைகள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. கம்பெனியில் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணை யாரும் தியாகி என்று சொல்வதில்லை, தொழிலாளி என்று சொல்கிறோம். அதனால் அவளுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கேட்க முடிகிறது. பள்ளிக்கூடத்து அடுப்பில் நிற்கிற பெண்ணைத் தியாகி என்று சொன்னால் அவள் வாய் அடைத்துவிடும். தியாகி சம்பளத் தேதி கேட்கலாமா? லீவு கேட்கலாமா? அர்ப்பணிப்பு இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது. அர்ப்பணிப்போடு செய்கிற வேலையும் வேலைதான்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் "மதிப்பூதியம்". 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று வைத்தார்கள். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து, நம் மாநிலத்தில் சிறப்புக் காலமுறை ஊதியம் கொடுக்கிறது. மற்ற அரசு ஊழியரைப் போல முழுக் காலமுறை ஊதியம் வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டப்படி பணிக்கொடை உண்டு, மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அதுவும் ஊதியம்தான் என்று சொன்னது. பெயரை மாற்றி வைத்தால் உழைப்பு மாறிவிடாது என்பதை நாட்டின் பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும், நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் கையால் செய்யக்கூடியது என்ன? நம் பஞ்ச சூத்திரம் ஐந்தும் உங்களுக்குத் தெரியும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துவது, அப்புறம் ஐந்தாவது, கணக்கு எழுதுவது. எழுதாத காசு நம் குழுவில் காசே இல்லை. பத்து ரூபாயாக இருந்தாலும் புத்தகத்தில் ஏறணும், ஏறினால்தான் கேட்க முடியும். அதே நியாயம் உழைப்புக்கும் உண்டு. அதனால் இந்தக் கூட்டமைப்பின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு ஐந்து விஷயங்களை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

ஒன்று, பெயர்ப் பதிவு. நம் ஊராட்சியில் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வேலை பார்க்கிற பெண்கள் யார், என்றைக்கிலிருந்து, என்ன வேலை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்று தனிப் பதிவேடு போடுவோம். ஆசிரியர் பெயர்ப் பலகைக்குக் கீழே இவர்கள் பெயரையும் எழுதச் சொல்லித் தலைமை ஆசிரியர்களிடம் கேட்போம். பெயிண்ட் செலவு கூட்டமைப்பு தரட்டும்.

இரண்டு, பணம் வந்த தேதி. அதே பதிவேட்டில் மாதா மாதம் யாருக்கு எந்தத் தேதி பணம் கணக்கில் ஏறியது என்று எழுதுவோம். தாமதமானால் வாய்ப் பேச்சாக இல்லாமல், தேதியோடு வட்டார அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனதும் காலை உணவு சமைக்கிற அம்மாவின் வேலை என்ன ஆகும் என்ற கேள்வியையும் அந்த மனுவில் கேட்போம்.

மூன்று, மாற்று ஆள். சமைக்கிற அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறாங்க? மாத்திரை போட்டுக்கொண்டு வர்றாங்க. சுகமில்லாத ஆள் பிள்ளைக்குச் சமைப்பது அவருக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு பேரைக் கூடுதலாகப் பழக்கி வைப்போம். லீவு எடுக்க ஒரு பெண் பயப்படக் கூடாது.

நான்கு, பாதுகாப்பு. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டில் தொடங்கிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. கேஸ் டியூப், ரெகுலேட்டர், தீயணைப்பான், தீக்காயத்துக்கு முதலுதவி, இவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நம் ஆட்களே போய்ப் பார்க்கணும். அதோடு ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு மூலம் பிரதமரின் விபத்துக் காப்பீடு போட்டுவிடுவோம். வருஷத்துக்கு 20 ரூபாய்தான், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அந்த 20 ரூபாயைக் கூட்டமைப்பே கட்டட்டும் என்பது என் வேண்டுகோள்.

ஐந்து, பேசுகிற இடம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். அதில் நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சமைக்கிறவரையும் துப்புரவு செய்கிறவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை மூணு நாளாக வரவில்லை, எந்தப் பிள்ளை தங்கச்சிக்கு என்று உணவைப் பையில் மறைத்து எடுத்துப் போகிறது, எந்தப் பெண் பிள்ளை கழிப்பறையில் தண்ணி இல்லையென்று நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காமல் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.

இன்னும் ஒன்று, இதற்குத் தீர்மானம் வேண்டாம். நாளையிலிருந்து அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். வயசில் பெரியவர் என்றால் அக்கா, அம்மா சேர்த்துக்கொள்வோம். "சாப்பாட்டம்மா", "ஏ ஆயா" என்பதெல்லாம் வேண்டாம். நாம் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படித்தான் நம் பிள்ளையும் கூப்பிடும்.

1989இல் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது பெண்கள் வெளியே வந்து கூட்டம் போடுவதையே ஊர் கேலி பேசியது. இன்றைக்கு வங்கி மேலாளர் நம்மை உட்காரச் சொல்லி நாற்காலி போடுகிறார். நம் புத்தகம் சுத்தமாக இருந்ததுதான் அதற்குக் காரணம். அந்த நாற்காலியில் பள்ளிக்கூடத்தைத் தாங்குகிற நம் சகோதரிகளையும் உட்கார வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

நான் சொன்ன ஐந்தும் சரியென்று பட்டால், செயலாளர் அக்கா தீர்மானப் புத்தகத்தோடு வரிசையாக வருவாங்க. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வேலை செய்கிற சகோதரிகள் தயவுசெய்து எழுந்து நின்று, உங்கள் பெயரையும் எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள் என்பதையும் நீங்களே மைக்கில் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.